மாரடைப்பு என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை நாற்பது வருடமாகக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவன் நான். விளையாட்டுச் செய்தியை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2024-ல் ஓய்வு பெற்றேன். ஊர், தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவில். வாழையையும் வாலிபாலையும் விட்டால் எங்கள் ஊருக்கு வேறு பேச்சு கிடையாது.

வருடத்தில் சில தடவையாவது ஒரே மாதிரிச் செய்தி ஒன்று கண்ணில் படுகிறது. மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுந்தார், மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார், மாரடைப்பு. வயது இருபதுகளில் இருக்கும், முப்பதுகளில் இருக்கும். பிரேதப் பரிசோதனை முடிந்திருக்காது. சில சமயம் நடந்தே இருக்காது. ஆனால் தலைப்பில் மாரடைப்பு ஏறிவிடும். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்த வார்த்தை இரண்டு தடவை வந்தது.

முதல் தடவை 1979, தை மாதம். அப்பா தோட்டத்தில் வாழைத்தார் வெட்டி லாரிக்குச் சுமந்துகொண்டிருந்தார். ஒரு தாரைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வயது 43. எனக்கு 15. நெஞ்சடைப்பு என்றார்கள். சரி, பெரியவர்கள் சொன்னால் அப்படித்தான் இருக்கும். அப்பா ஆறடி இரண்டு அங்குலம். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே தொங்கும்.

இரண்டாவது தடவை 1998. அண்ணன். ஆறடி மூன்று அங்குலம், இரண்டு கையையும் விரித்தால் அதற்கும் மேலே நாலைந்து அங்குலம் வரும். எங்கள் பக்கத்தில் மின்னொளி வாலிபால் போட்டி என்றால் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் மைக்கில் கூப்பிடுவார்கள். நான் அம்மா உயரம், ஐந்தடி ஐந்து. அண்ணனுக்குப் பந்து ஏற்றிக் கொடுக்கிற செட்டர். அந்த உயரம் எனக்கு வரவில்லையே என்று பல வருடம் பொருமியிருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது செட் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வலி நெஞ்சில் ஆரம்பித்து முதுகுக்குப் போனது, அரை மணி நேரத்தில் வயிற்றுக்கு இறங்கியது. வேர்வை ஊற்றியது. "ஏல, முதுகை நடுவுல பிடிச்சுக் கிழிக்க மாதிரி இருக்கு" என்றார். பக்கத்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்களும் நிம்மதியாகத்தான் வந்தோம். விடியற்காலை நாலு மணிக்கு அண்ணன் இல்லை. வயது 39. அவர் மகனுக்கு எட்டு, மகளுக்கு ஐந்து.

பிரேதப் பரிசோதனை செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். உடம்பைக் கூறு போட வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதி வாங்கினோம். அப்பாவுக்கும் அதுதானே என்று ஊரும் ஒத்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டாத வம்சம் என்று ஒரு பேச்சு. குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று இன்னொரு பேச்சு. கிடா வெட்டி, பொங்கலும் வைத்தோம். பெட்டியை மூடிப் பூட்டுப் போட்ட மாதிரி, அந்த வார்த்தையோடு விஷயம் முடிந்தது.

2014-ல் அந்தப் பெட்டியைத் திறந்தவர் ஒரு கண் டாக்டர்.

அண்ணன் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்வார்கள். 21 வயதில் பார்வை திடீரென்று இன்னும் மோசமானது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணுக்குள் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் மேலே நகர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். அப்புறம் அவர் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் மேல் மற்ற விரல்களை மூடச் சொன்னார். விரலின் நுனி உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு கை மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு விரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சுவரோரம் நிற்க வைத்துக் கையை விரிக்கச் சொல்லி டேப்பால் அளந்தார். உயரத்தைவிட விரித்த கை அதிகம்.

பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. ஏனென்றால் இதே அளவைத்தான் முப்பது வருடமாக நானும் எடுத்துவந்தேன். ஆறாம் வகுப்புக்குப் புதுப் பையன்கள் வந்தால் சுவரோரம் நிறுத்தி இன்ச் டேப் பிடிப்பேன். கை நீளம், விரல் நீளம், ஒல்லி உடம்பு என்றால் டீமில் பெயர் எழுதிவிடுவேன். அவர் நோயைத் தேடி அளந்தார், நான் எகிறி அடிக்கிற ஸ்பைக்கரைத் தேடி அளந்தேன்.

"வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீர்னு தவறியிருக்காங்களா?" என்று கேட்டார். பதினாறு வருடமாக யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி. நான் சொன்னதும், நாளைக்கே இவளுக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ஃபான் நோய் என்று பெயர். 1896-ல் அந்த்வான் மார்ஃபான் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் விரல் நீண்ட ஒரு சிறுமியைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். ஃபிப்ரிலின் என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு. உடம்பை இழுத்துக் கட்டியிருக்கிற நார்ப்பொருள் சரியாக அமையாது. அதனால் எலும்பு நீளும், கண்ணில் லென்ஸைப் பிடித்திருக்கிற நூல்கள் இளகும். இவற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அந்த நாரால் ஆனதுதான்.

பழைய தோல் பந்து வைத்து விளையாடியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பந்தில் ஓரிடத்தில் தையல் நைந்தால் உள்ளே இருக்கிற பிளாடர் அந்த இடத்தில் புடைக்கும். புடைத்த இடத்தில் சுவர் மெலியும், மெலிந்தால் இன்னும் புடைக்கும். காற்று அதேதான், அழுத்தமும் அதேதான், ஆனால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் தாங்க வேண்டிய பாரம் ஏறிக்கொண்டே போகும். பெருந்தமனி வேர்ப்பகுதியில் சாதாரணமாக மூன்று செ.மீ. சொச்சம் விட்டம் இருக்கும். புடைத்துக்கொண்டே போய் ஒரு நாள் உள்சுவர் கீறிக்கொள்ளும். கீறல் வழியாக ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, வாழை மட்டையை உரிக்கிற மாதிரி நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் உரித்துக்கொண்டே போகும். வலியும் கூடவே இறங்கும். அண்ணன் சொன்ன "கிழிக்க மாதிரி இருக்கு" என்பதுதான் உள்ளே நடந்தது. மாரடைப்பில் இதயத்துக்குப் போகிற சின்னக் குழாய் அடைபடுகிறது. இதில் பெரிய குழாய் கிழிகிறது. ஈசிஜி நார்மலாகவே இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாரடைப்புக்குக் கொடுக்கிற மருந்து இதற்கு ஆபத்தாகவும் முடியலாம். சிடி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் சந்தேகப்பட்டால்தானே எடுப்பார்கள்.

அண்ணனுக்கு இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சாம்பலைக் கரைத்தாகிவிட்டது. மார்ஃபான் இருக்கிறவர்களில் நாலில் ஒருவருக்குப் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே வருமாம். ஆனால் மதினிக்கு எக்கோ நார்மல், கை கால் எல்லாம் சாதாரணம். மகளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கு வந்து ஒரு சார்ட் தாள் எடுத்து, நாக்-அவுட் போட்டிக்குப் பிக்ஸ்சர் போடுகிற மாதிரி எங்கள் குடும்பத்தை வரைந்தேன். தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் உயரம், இறந்த வயது, எப்படி இறந்தார். எனக்கு நினைவு தெரியாத ஓர் அத்தை இருந்தார், தலைப்பிரசவம் முடிந்து பத்தாம் நாள் "பேய் அடிச்சு" செத்துப்போனவர். கிழவிகளைத் தேடிப் போய்க் கேட்டேன். நல்ல உயரம், திடீரென்று நெஞ்சு வலிக்குது என்று கத்தினாள், அவ்வளவுதான் என்றார்கள். அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பேறுகாலத்தை ஒட்டிய நாட்கள் இந்த நோய் உள்ள பெண்களுக்கு மிக ஆபத்தானவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒருவருக்கு இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு. டாஸ் போடுவது போலத்தான். எனக்கு டாஸ் நல்லபடியாக விழுந்திருக்கிறது. என் பெருந்தமனி 3.2 செ.மீ. பொருமிய அந்த உயரம் வராததற்கு இப்போது யாரிடம் நன்றி சொல்ல.

வாலிபால்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் ஃபுளோ ஹைமன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியின் நட்சத்திரம், ஆறடி ஐந்து அங்குலம். அவர் அடிக்கிற அடியை என் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்வேன். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து இறந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றுதான் செய்தி போனது. அமெரிக்காவில் பிரேதப் பரிசோதனை செய்தபோதுதான் பெருந்தமனி வெடித்தது தெரிந்தது, மார்ஃபான் இருந்ததும் தெரிந்தது. அதைக் கேட்டு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் இருந்தது, அறுவை சிகிச்சை செய்தார்கள். சகோதரி உடம்பை அறுத்துப் பார்த்ததால் சகோதரர் பிழைத்தார். 1998-ல் நான் வேண்டாம் என்று தலையாட்டியது எதை என்று இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அண்ணன் மகளுக்கு வருவோம். 2014-ல் அவள் பெருந்தமனி 4.2 செ.மீ. துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை, வருடம் ஒரு எக்கோ. நடக்கலாம், கனமான எதையும் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் மதினி வேலையானது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் இவளுக்குக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் பர்ஸில் எப்போதும் இருக்கும். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்று போனால் மருந்துக்கடையிலேயே எடுத்துக் கொடுக்கிற மாத்திரை அது.

2019-ல் 4.8 ஆனது. பொதுவாக 5.5 வரை பொறுப்பார்கள், மார்ஃபான் என்றால் 5-லேயே ஆபரேஷன் என்பார்கள், பிள்ளை பெற நினைக்கிற பெண் என்றால் 4.5-ஐத் தாண்டினாலே யோசிப்பார்கள். சென்னையில் செய்தோம். செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு டெக்ரான் குழாய் வைத்தார்கள். டெக்ரான் என்றால் என்ன என்று விசாரித்தேன். பாலியெஸ்டர்! டீமுக்கு ஜெர்சி தைக்கிற அதே இனம். அவளுடைய சொந்த வால்வை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மெக்கானிக்கல் வகைச் செயற்கை வால்வு என்றால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாத மாத்திரை வேண்டும், கர்ப்பமானால் அதில் பெரிய சிக்கல். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நெஞ்சின் நடுவே ஒரு சாண் தழும்பு.

அடுத்தது கல்யாணம். சொந்தத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, வாயைத் திறக்காதீர்கள். தழும்பைக் கேட்டால் சின்ன வயதில் கொதிக்கிற தண்ணீர் கொட்டியது என்று சொல்லுங்கள் என்று ஒரு பெரியம்மா யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு பேர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது பையன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துக்கொண்டு, யாரோ டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தான். 2021-ல் கல்யாணம். மறு வருடம் குழந்தை, இதய டாக்டர் கூடவே நிற்க சிசேரியன். பையன். பிறந்த அன்றைக்கு எல்லோரும் யார் ஜாடை என்று முகத்தைப் பார்த்தார்கள், நான் விரலைப் பார்த்தேன். நீளமாகத்தான் இருக்கிறது. வருடா வருடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்கோ பார்க்கிறோம். இதுவரைக்கும் அவன் வயதுக்குரிய அளவுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். குறுவட்டப் போட்டிக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும்போது உடல்தகுதிச் சான்று வேண்டும். இருபது முப்பது படிவத்தைக் கட்டாகக் கொண்டுபோய், ஒரு பையனைக்கூடக் கூட்டிப்போகாமல், கையெழுத்து வாங்கி வந்தவன் நான். எனக்குத் தெரிந்து அப்படி வாங்காத உடற்கல்வி ஆசிரியர் குறைவு. அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வீட்டில் ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் யாராவது உண்டா? உண்டு என்றால் எக்கோ பார்த்த பிறகுதான் மைதானம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கிற பெண்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அறிக்கை வரும் வரைக்கும் "திடீர் மரணம்" என்றே எழுதுங்கள். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள். மாரடைப்பு என்று அச்சில் பார்த்துவிட்டால் அதற்கு மேல் அவர்கள் யாரையும் போய்க் கேட்க மாட்டார்கள், நாங்கள் கேட்காத மாதிரி.

என் பெயரைப் போட்டுத்தான் எழுத நினைத்தேன். "உங்க பேரைப் போட்டா என் பேரைப் போட்ட மாதிரிதான் சித்தப்பா, மாமியார் வீட்டுச் சொந்தக்காரங்க எல்லாம் இந்தப் பேப்பர்தான் வாங்குறாங்க" என்றாள் அண்ணன் மகள். ஒளிக்காதே என்று அவளுக்குச் சொன்னவனே ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

இன்னொரு விஷயம். அண்ணன் மகன், இவளுக்கு மூத்தவன், ஷார்ஜாவில் இருக்கிறான். ஆறடி இரண்டு. வயது 35. பதினோரு வருடமாகச் சொல்கிறேன், எக்கோ எடுக்க மாட்டேன் என்கிறான். "தெரிஞ்சா தூக்கம் போயிரும் சித்தப்பா, மெடிக்கல்ல ஏதாவது வந்தா விசாவும் போயிரும்." வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கேயும் வாலிபால் ஆடுகிறான், வீடியோ போடுகிறான். அண்ணனைப் போலவே இடது காலை ஊன்றித் துள்ளுகிறான். இப்போதெல்லாம் நான் போன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் உங்கள் பத்திரிகையை மொபைலில் தினமும் படிக்கிறான், அவனும் என்னைப் போலக் கடைசிப் பக்கத்திலிருந்துதான்.

முடிந்தால் இந்தக் கடிதத்தை விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்